இன்றைக்கா, நாளைக்கா? அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குக் குடிபோய் ருசியாகச் சாப்பிடுவது எப்படி

அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு, வேலைக்காகவோ கல்யாணத்தாலோ வெறும் ஆசையாலோ பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் முதல் மாதத்தில் புலம்புவது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். திங்கட்கிழமை பாதிக் கடை மூடிக் கிடக்கிறது, ஃபிரிட்ஜ் இடுப்பு உயரம்தான் இருக்கிறது, மதியம் மூன்று மணிக்குப் பசித்தால் பெரும்பாலான ஓட்டல்களில் அடுப்பை அணைத்துவிட்டார்கள், காலையில் வாங்கிய ரொட்டி மறுநாள் விறகுக்கட்டை. நல்ல சாப்பாட்டுக்காகவே வந்தவர்கள்கூட இதில் சோர்ந்துபோய், வாரத்துக்கு ஒருமுறை சூப்பர்மார்க்கெட்டில் வண்டி நிறைய அள்ளிக்கொண்டு வரும் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஏனென்றால் இந்த நாட்டில் சாப்பாடு வாரக் கணக்கில் வாங்குகிற சமாச்சாரம் இல்லை, வேளைக் கணக்கில் வாங்குவது.

ஜூலை மாதம் ஏதாவது ஒரு சந்தையில் முலாம்பழம் வாங்கிப் பாருங்கள், புரியும். கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை பழம் என்று இல்லை. "இன்றைக்கா, நாளைக்கா?" இன்றைக்கு என்றால் அடுத்த கேள்வி, "மதியத்துக்கா, ராத்திரிக்கா?" பதில் சொன்னதும் குவியலில் இருந்து ஒன்றை எடுப்பார், காம்பைச் சுற்றிப் பார்ப்பார். காம்படியில் வட்டமாக மெல்லிய விரிசல் விட்டிருந்தால் அது மதியச் சாப்பாட்டுக்கு. விரிசல் இன்னும் விழாமல் கனமாக இருந்தால் நாளைக்கு. மோந்து பார்ப்பார், ஒருவேளை திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். இதற்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், ஏனென்றால் தங்கள் முறை வரும்போது அவர்களுக்கும் இதே உபசாரம் வேண்டும்.

ஆகவே முதல் வேலை: உங்கள் தெருவின் நேரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த ரொட்டிக்கடைக்கு என்றைக்கு வார விடுமுறை, பக்கத்துச் சந்தை எந்தெந்த நாள், கறிக்கடை மதியம் எத்தனை மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு மாலையில் எப்போது திறக்கிறது. பாரிசில் பஸ்தீய் சந்தை என்றால் வியாழனும் ஞாயிறும், அலீக்ர் சந்தை திங்கள் தவிர எல்லா நாளும், ரஸ்பாய் தெருவின் இயற்கை விளைபொருள் சந்தை ஞாயிறு. தெருச்சந்தைகள் பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். ஒரு மணிக்கு மேல் போனால் விலை சரியும், ஆனால் நல்லது போயிருக்கும். ஆகஸ்டு மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், பாதி ஊர் விடுமுறையில் இருக்கும்.

இரண்டாவது, கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" என்று வணக்கம் சொல்லுங்கள். இதை எல்லோரும் சொல்லித்தான் அனுப்புவார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அமெரிக்கப் பழக்கத்தில் சிரித்துக்கொண்டே நேராக "இது எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் இங்கே அது முகத்தில் அடித்த மாதிரி. போன்ஷூர் சொன்னவருக்கு நல்ல பழம், சொல்லாதவருக்குக் கைக்கு வந்த பழம்.

அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் கதை பலருக்குத் தெரியும். 1948 நவம்பரில் கணவரின் வேலைக்காகக் கப்பலில் வந்து இறங்கினார். பாரிசுக்குப் போகும் வழியில் ரூவான் நகரில் லா கூரோன் என்ற பழைய உணவகத்தில் சிப்பியும், வெண்ணெயில் பொரித்த சோல் மீனும் சாப்பிட்டார். அந்த மதியச் சாப்பாடுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. மறுவருஷம், 37 வயதில், லெ கோர்தோன் ப்ளூ சமையல் பள்ளியில் சேர்ந்தார். சமையல் பள்ளிக்கு நீங்கள் போகவேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த இன்னொன்றைச் செய்யலாம், செலவும் இல்லை: தினமும் கூடையோடு இறங்கி, உடைந்த பிரெஞ்சில் கடைக்காரர்களோடு வாயாடுவது.

சமையலறை

வீடு பார்க்கப் போகும்போதே சமையலறைக்குள் நுழைந்து எண்ணுங்கள். சாமான்கள் இல்லாத வாடகை வீடு என்றால் பல இடங்களில் ஒரு தொட்டியும் குழாயும் மட்டும்தான் இருக்கும். அடுப்பு, ஓவன், ஃபிரிட்ஜ், சில சமயம் அலமாரிகூட நீங்கள் வாங்கவேண்டியது. அமெரிக்காவிலிருந்து மிக்சர், பிளெண்டர் எல்லாம் மூட்டை கட்டாதீர்கள். இங்கே 230 வோல்ட், அங்கே 120. பாத்திரம் கொண்டுவரலாம். பாத்திரப் பைத்தியம் இருந்தால் பாரிசில் 1820 முதல் நடக்கும் தெயிலெரான் கடைக்கு ஒரு நடை போங்கள், செம்புப் பாத்திரங்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். போகுமுன் பர்ஸில் பாதியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

சின்ன ஃபிரிட்ஜைப் பற்றிக் கவலை வேண்டாம். முட்டை இங்கே ஃபிரிட்ஜுக்கு வெளியேதான் விற்கும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவி விற்பதால் குளிரில் வைக்கவேண்டியிருக்கிறது, இங்கே கழுவுவதில்லை. முட்டை ஓட்டில் அச்சடித்திருக்கும் முதல் எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் இயற்கை முறை, 1 வெளியில் மேய்ந்த கோழி, 2 கொட்டகைக்குள் வளர்ந்தது, 3 கூண்டு. நான் 3 வாங்குவதில்லை, அது என் இஷ்டம்.

ரொட்டி

பூலான்ஜெரி, அதாவது ரொட்டிக்கடை, என்று பலகை மாட்ட வேண்டுமானால் மாவு பிசைவதும் சுடுவதும் அங்கேயே நடக்கவேண்டும், 1998 முதல் சட்டம் அப்படி. அதனால் பலகையைப் பாருங்கள். உள்ளே போனால் பகெத் என்ற நீள ரொட்டியில் சாதா வகை, பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் விலைக்கு "த்ரடிசியோன்". யோசிக்காமல் இரண்டாவதை வாங்குங்கள். 1993-இல் வந்த அரசாணைப்படி அதன் மாவை உறைய வைக்கக்கூடாது, வேதிப்பொருள் சேர்க்கக்கூடாது. மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, அவ்வளவுதான் என்று சொல்லலாம். "பியான் குயித்" என்று கேட்டால் நன்றாக முறுகியதைத் தேடி எடுத்துத் தருவார்கள். "பா த்ரோ குயித்" என்றால் வெளுப்பாக. தனியாக இருப்பவர் பாதி பகெத் கேட்கலாம், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

பகெத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அதைவிடச் சீக்கிரமாக அதைக் கெடுக்க வேறு வழி இல்லை. மூன்று நாளைக்கு வேண்டும் என்றால் புளித்த மாவில் செய்த பெரிய உருண்டை ரொட்டியைத் துண்டாகக் கேளுங்கள், எடை போட்டுத் தருவார்கள். வரும் வழியில் பகெத்தின் முனையைக் கிள்ளித் தின்பது பற்றிக் கூச்சம் வேண்டாம், சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தத் தெருவில் முனையோடு இருக்கும் பகெத்தைப் பார்ப்பதே அரிது.

சீஸ்

சூப்பர்மார்க்கெட் சீஸே அமெரிக்காவில் நீங்கள் தின்றதைவிடப் பல மடங்கு மேல், அதனால் ஏமாந்து அங்கேயே நின்றுவிடுவீர்கள். வேண்டாம், சீஸ் கடைக்குப் போங்கள். அமெரிக்காவில் காய்ச்சாத பாலில் செய்த சீஸ் 60 நாளாவது பழுத்திருந்தால்தான் விற்கலாம் என்று விதி. காய்ச்சாத பாலில் செய்யும் நார்மண்டி கமாம்பேர் அவ்வளவு நாள் தாங்காது, அதனால் அசல் சரக்கை அங்கே நீங்கள் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

கடையில் கமாம்பேர் கேட்டால் அவரும் அதே கேள்விதான்: எப்போது சாப்பிடப்போகிறீர்கள்? இன்றிரவு என்று சொல்லுங்கள். மரப்பெட்டியைத் திறந்து, காகிதத்தை விலக்கி, நடுவிலும் ஓரத்திலும் கட்டைவிரலால் அமுக்குவார். நடு இன்னும் விறைப்பாக இருந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்த பெட்டி. விரல் பதிந்து மெல்ல மீண்டு வந்தால் அதுதான் உங்களுடையது. இதை ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்கவேண்டும். ஜில்லென்று தின்றால் காசு வீண்.

கோம்தே கேட்டால் எத்தனை மாதம் என்று கேட்பார்கள். நான்கு மாதம் குறைந்தபட்சம், பன்னிரண்டு மாதத்தில் பழவாசனை வரும், இருபத்துநான்கில் பற்களுக்கு இடையில் உப்புக்கல் போல நறநறக்கும். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டித் தரச் சொல்லி ருசி பார்க்கலாம், தயங்காதீர்கள், ஆனால் சனிக்கிழமை காலை கூட்டத்தில் வேண்டாம். செப்டம்பர் 10-இலிருந்து மே 10 வரை மோன் தோர் கிடைக்கும். மரப்பட்டை வளையத்துக்குள் குழைவாக இருக்கும், மேலே கொஞ்சம் வெள்ளை ஒயினும் பூண்டும் வைத்து ஓவனில் சுட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொண்டால் அன்றைக்கு வேறு சமையல் தேவையில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் காய்ச்சாத பால் சீஸைத் தவிர்க்கவேண்டும், கடைக்காரரிடம் சொன்னால் அவரே வேறு எடுத்துக் கொடுப்பார்.

இன்னொன்று. ப்ரீ போன்ற முக்கோணத் துண்டின் கூர்முனையை வெட்டி எடுத்துவிடாதீர்கள். நடுப்பகுதிதான் ருசி அதிகம், எல்லோருக்கும் பங்கு வரும்படி பக்கவாட்டில் நீளமாகச் சீவவேண்டும். விருந்தில் இதைத் தப்பாகச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பார்கள்.

கறிக்கடையும் காய்கறியும்

அமெரிக்க வெட்டுகளின் பெயரை அகராதியில் தேடி எழுதிக்கொண்டு போவது வீண் வேலை, இங்கே மாட்டை வேறு விதமாக வெட்டுகிறார்கள், ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. என்ன சமைக்கப்போகிறீர்கள், எத்தனை பேர், என்றைக்கு என்று சொல்லுங்கள். மூன்று மணி நேரம் மெல்ல வேகவேண்டும் என்றால் கறிக்கடைக்காரரே பாலெரோன் என்ற தோள்கறியோ கன்னக்கறியோ எடுத்துக் கொழுப்பு சீவிக் கட்டித் தருவார். கொத்துக்கறி கேட்டால் கண் முன்னால் அரைப்பார். முழுக்கோழி சில சமயம் தலையும் காலுமாகக் கிடக்கும், பயந்து நகர வேண்டாம், சுத்தம் செய்து தரச் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் கோழிகள் கம்பியில் சுழன்றுகொண்டிருக்கும், அடியில் அந்தக் கொழுப்பு சொட்டி வேகும் உருளைக்கிழங்கு. பதினோரு மணிக்குள் போய்ச் சொல்லி வையுங்கள், மதியத்துக்குத் தீர்ந்துவிடும்.

காய்கறிச் சந்தையில் விளைவித்தவர் யார், வாங்கி விற்பவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். வாழைப்பழமும் எலுமிச்சையும் மார்ச் மாதத் தக்காளியும் பளபளப்பாக அடுக்கியிருந்தால் அந்தச் சரக்கு மொத்தச் சந்தையிலிருந்து வந்தது, பாரிஸ் பக்கம் என்றால் ரன்ஜிஸ்தான். மண் ஒட்டிய முள்ளங்கியும் நான்கைந்து வகைக் கீரையும் மட்டும் வைத்துக்கொண்டு நீளமான வரிசையோடு ஒருவர் நிற்பார். அவரிடம் போங்கள். பழத்தை நீங்களாகத் தொட்டு எடுக்காதீர்கள், பை தொங்கவிட்டிருந்தால் மட்டும் நீங்களே பொறுக்கலாம். இலையுதிர் காலத்தில் காட்டில் காளான் பொறுக்கி வந்தால் அதை மருந்துக்கடையில் காட்டுங்கள். காளான்களை இனம் காண்பது இங்கே மருந்தாளுநர் படிப்பிலேயே இருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் சமைக்கவேண்டும்.

ஒரு குறை மட்டும் நிஜம், காரம் கிடையாது. டெக்சஸிலோ நியூ மெக்சிகோவிலோ மிளகாய் தின்று பழகியவர்கள் இந்த ஊர்ச் சந்தையில் தேடிச் சலித்துவிடுவார்கள். பாரிசில் இருந்தால் நேராக லா ஷப்பேல் போங்கள். இலங்கைத் தமிழர் கடைகளில் பச்சைமிளகாய், கட்டுக் கொத்தமல்லி, தேசிக்காய் எல்லாம் சந்தையைவிட மலிவாகக் கிடைக்கும். அவர்கள் மிளகாய்த்தூளை அமெரிக்கச் சில்லிப் பொடி என்று நினைத்து மூன்று கரண்டி போட்டுவிட வேண்டாம்.

வீட்டு பேக்கிங் ஏன் சொதப்புகிறது

குடிவந்தவர்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான். பத்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த சாக்லேட் சிப் குக்கி இங்கே தட்டில் ஒரே அப்பளமாகப் பரவிவிடும். கை மறந்துபோகவில்லை, பொருள்தான் வேறு.

மைதாவில் டி என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு அது, எண் கூடக் கூடத் தவிடு கூடும். டி 45 மென்மையான கேக், பால் ரொட்டிக்கு. டி 55 பொது உபயோகம். டி 65 ரொட்டிக்கு. அமெரிக்க ஆல் பர்ப்பஸ் மாவுக்கு டி 55-உம் டி 65-உம் தான் கிட்டத்தட்ட நிற்கும், குக்கி பரவினால் டி 65-க்கு மாறி, மாவை ராத்திரி முழுக்கக் குளிரில் வையுங்கள். வெண்ணெயும் ஒரு காரணம். இங்கே உப்பில்லாத வெண்ணெயில் குறைந்தது 82 சதவீதம் கொழுப்பு, அங்கே 80. கேட்க அற்ப வித்தியாசம், ஓவனில் தெரியும். பிரெத்தாஞ் பக்கத்து உப்பு வெண்ணெயை குக்கியில் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் பழையதற்குத் திரும்ப மாட்டீர்கள்.

கப் அளவை மறந்துவிடுங்கள், ஒரு தராசு வாங்குங்கள். ஒரு கப் மைதா சுமார் 125 கிராம், சர்க்கரை 200, ஒரு ஸ்டிக் வெண்ணெய் 113. பேக்கிங் பவுடர் 11 கிராம் சின்ன உறையில் வரும், ஓர் உறை இரண்டரை தேக்கரண்டி அளவு. பேக்கிங் சோடா உப்புப் பக்கத்து அலமாரியில் இருக்கும். "சுக்ர் ஆன் பூத்ர்" என்று எழுதியிருப்பது மெல்லிய சாதாச் சர்க்கரை. கேக் மேல் பூச வேண்டியது "சுக்ர் கிளாஸ்". பிரவுன் சுகருக்குக் கசோனாத் வாங்காதீர்கள், அது உலர்ந்து பொலபொலவென்று இருக்கும். ஈரமான மஸ்கொவாடோ அல்லது வடக்கே கிடைக்கும் வெர்ஷ்வாஸ் சரிவரும். மோர் வேண்டிய இடத்தில் லெ ரிபோ என்ற பிரெத்தாஞ் மோர், அரபுக் கடைகளில் அதே மாதிரி லெபென். சாக்லேட் சிப்ஸ் சின்னப் பொட்டலத்தில் யானை விலை, நல்ல சாக்லேட் பாரைக் கத்தியால் கொத்திப் போடுங்கள், உண்மையில் அதுதான் ருசி. கார்ன் சிரப்பை மட்டும் தேடி அலைய வேண்டாம். அது இல்லாமல் செய்யும் குறிப்பைப் பிடியுங்கள்.

பழைய ஓவனில் டிகிரி இல்லாமல் 1 முதல் 10 வரை எண் இருந்தால் முப்பதால் பெருக்குங்கள், 6 என்றால் 180 சென்டிகிரேடு, உங்கள் 350 ஃபாரன்ஹீட்.

வெளியே சாப்பிடும்போது

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, ராத்திரி ஏழரைக்கு மேல். நடுவில் பசித்தால் ரொட்டிக்கடை. காசு குறைவாக இருக்கும்போது நல்ல உணவகத்துக்கு மதியம் போங்கள், இரண்டு மூன்று பதார்த்தம் சேர்த்த மதியச் சலுகை விலை ராத்திரி விலையில் பாதிக்குப் பக்கம் வரும். "கராஃப் தோ" கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், ரொட்டியும் இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கிறது, இருபது சதவீத டிப்ஸ் கணக்குப் போடாதீர்கள், மனம் நிறைந்தால் சில நாணயம் வையுங்கள். மாட்டுக்கறியை "அ புவான்" என்று கேட்டால் நீங்கள் நினைக்கும் மீடியத்தைவிடச் சிவப்பாகவே வரும். பில் நீங்கள் கேட்காமல் வராது, கேட்காமல் கொண்டுவந்து வைப்பது கிளம்புங்கள் என்று சொல்வது போல ஆகிவிடும் என்பதால். மிச்சத்தைக் கட்டித்தரக் கேட்கலாம். 2021 ஜூலை முதல் உணவகங்கள் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நவம்பர் வான்கோழி

அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி அறிதல் நாள், இங்கே சாதாரண வியாழக்கிழமை, அலுவலகம் உண்டு. பெரும்பாலோர் விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறார்கள், நீங்களும் தள்ளுங்கள். முழு வான்கோழி இங்கே பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்குத்தான் விற்பனைக்கு வரும், நவம்பரில் முழுசாக வேண்டும் என்றால் கறிக்கடையில் இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லவேண்டும். சொல்வதற்கு முன்னால் ஓவனின் உள்அகலத்தை நாடா வைத்து அளந்துகொண்டு போங்கள், நான்கைந்து கிலோவுக்கு மேல் போகாத ஓவன்கள் பல. டப்பா பூசணி விழுது சுலபத்தில் அகப்படாது, பொத்திமரோன் பூசணியைத் தோலோடு சுட்டு மசித்தால் அதைவிட நன்றாகவே வரும், தண்ணீரும் கம்மி.

பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டிருந்தால் ஏழரை மணி என்று சொன்னதற்குக் கால் மணி தாமதமாகத்தான் வருவார்கள், அது மரியாதை. வாட்டிய வான்கோழியை முன்கூட்டியே வெட்டி வைத்துவிடாதீர்கள். எல்லாத் தொட்டுகையையும் ஒரே தட்டில் குவித்து வைக்கும் அமெரிக்க வழக்கம் அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். இனிப்பு உருளையின் மேல் மார்ஷ்மெல்லோ மட்டும் வேண்டாம். பூசணிப் பை (pie) என்ற இனிப்பில் சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், அதைக் கொண்டுவருவதற்கு முன்னால் சீஸ் தட்டு ஒன்று வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் அந்த இனிப்பைப் பார்த்ததும் சீஸ் எங்கே என்று சுற்றும் முற்றும் தேடுவார்கள்.